பஞ்சு சிக்காத விளிம்பு

மார்ச் 4, செவ்வாய்

பைப் வேலை முடிந்தது. நான்கு அலுமினியத் துண்டுகள், ஆறு இணைப்புகள். டர்போ பிடித்துத் தள்ளுகிற காற்று சூடாகிவிடும். அது வண்டியின் முன்னால் இருக்கும் இன்டர்கூலருக்குப் போய்க் குளிர்ந்து, திரும்பி வந்து எஞ்சினுக்குள் நுழைய வேண்டும். போகிற வழிக்கு இரண்டு துண்டு, வருகிற வழிக்கு இரண்டு துண்டு. துண்டுகள் சேரும் இடத்தில் கனமான சிலிக்கான் ஹோஸ், அதன் மேல் இறுக்கிப் பிடிக்க கிளாம்ப். அவ்வளவுதான் சங்கதி. இதை மூன்று வருடமாகக் கணவரிடம் விளக்கிக்கொண்டிருக்கிறேன். இன்றும் கேட்டுவிட்டு, "அப்ப இது ஏசி மாதிரியா?" என்றார்.

வண்டி நாத்தனாருடையது. கணவருக்கு ஒரே தங்கை, எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஜனங்களிடம் மூச்சை இழுங்க, அசையாதீங்க என்று சொல்லிக்கொண்டிருப்பவள். ஞாயிற்றுக்கிழமையானால் மலைப்பாதையில் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்வாள். பாதையை அடைத்துவைத்து, ஒவ்வொரு வண்டியாக மேலே ஏறவிட்டு, நேரம் குறிக்கிற கிளப் அது. ஓட்டுவது அவள். வெல்டிங் எல்லாம் நான். கம்ப்யூட்டரை வண்டியில் செருகி எஞ்சினுக்கு உத்தரவு போடுபவர் லேப்டாப். அவருக்கும் வீட்டில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இந்த வருடம் லேப்டாப் பூஸ்ட் அழுத்தத்தை முப்பது பவுண்டுக்கு ஏற்றியிருக்கிறார். கார் டயருக்குள் அடைக்கிற அளவு காற்று. டயர் அதற்கென்றே பிறந்தது. என் பைப் வெட்டி ஒட்டியது.

ஆனால் பார்க்க லட்சணமாக வந்திருக்கிறது. முனைகளில் ஹோஸ் பிடிக்க மேடு வைத்தேன், வளைவுகளை ஒட்டினேன், எல்லாவற்றையும் தேய்த்து மெருகேற்றினேன். பைப்பில் முகம் தெரிகிறது. நாத்தனார் அதில் பார்த்தே பொட்டைச் சரி செய்துகொண்டு, "அண்ணி, இதை பானெட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கறது பாவம்" என்றாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

முதல் போட்டி. நான்காம் வளைவில் மூன்றாம் இணைப்பு கழன்றது. மலையடிவாரத்தில் நின்ற எங்களுக்கே 'டப்' என்று கேட்டது. அதன்பின் கரும்புகை. அதன்பின் மைக்கில் கிளப் செயலாளர்: வண்டி ஒன்று நின்றுவிட்டது, அனைவரும் பொறுமை காக்கவும். காத்தோம். கட்டி இழுத்து வர நாற்பது நிமிடம். மற்ற இருபத்தோரு பேரும் வெயிலில் நின்றுகொண்டு எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. ஒரே வருடத்தில் மூன்று முறை பாதையில் நின்ற வண்டிக்கு மிச்சப் போட்டிகளில் இடம் கிடையாது. மொத்தம் நான்கு போட்டி. கடைசியில் வருவதுதான் பெரியது, மே மாதம். நாத்தனாருக்கு வருடம் என்றாலே மேதான்.

மார்ச் 11, செவ்வாய்

கிளாம்பை மாற்றினேன். பழையது திருகால் இறுக்கும் மெல்லிய பட்டை. புதியது அகலம், போல்ட் வைத்தது. கடைக்காரர், இது லாரிக்குப் போடுவது என்றார். நல்லதாகப் போயிற்று என்றேன். காருக்கு எதற்கு என்றார். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் போன் வந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனார். போன் அடிக்கவே இல்லை.

மார்ச் 12, புதன்

கோபத்தில் இறுக்கியதில் கிளாம்ப் ஹோஸையே வெட்டிவிட்டது. புது ஹோஸ். கோபம் பழையதுதான்.

மார்ச் 16, ஞாயிறு

லேப்டாப் ஒரு யோசனை சொன்னார். ஹோஸுக்குள் ஹேர் ஸ்ப்ரே அடித்து மாட்டினால், மாட்டும்போது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், காய்ந்ததும் பசைபோல் பிடித்துக்கொள்ளும். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிறார்களாம்.

நாத்தனாரிடம் கேட்டேன். அவளிடம் இல்லை. என்னிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் எழுந்து போய், பீரோவில் ஸ்வெட்டர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டு, மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். டப்பா முக்கால்வாசி காலி.

கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவர் தலையில் எதைப் பிடித்து நிறுத்த இது என்கிற மாதிரி நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் ஹோஸைப் பார்த்தேன். ஆறு இணைப்புக்கும் அடித்தேன். வண்டி கமகமவென்று இருக்கிறது.

மார்ச் 19, புதன்

பைப்பின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கம்ப்ரஸரால் காற்றை ஏற்றி, ஆறு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டாம் போட்டி. நான்காம் வளைவு. டப். புகை. பொறுமை காக்கவும்.

இந்த முறையும் அதே மூன்றாம் இணைப்பு. கிளாம்ப் இறுக்கமாக ஹோஸ் மேலேயே இருக்கிறது. ஹோஸ்தான் கிளாம்போடு சேர்ந்து, சட்டையைக் கழற்றுவதுபோல், பைப்பிலிருந்து நழுவி வந்திருக்கிறது.

லேப்டாப் வண்டியின் பதிவுகளைத் திரையில் போட்டுக் காட்டினார். ஒரு பச்சைக் கோடு, ஒரு சிவப்புக் கோடு. பச்சை நாத்தனாரின் கால். சிவப்பு காற்றின் அழுத்தம். நான்காம் வளைவில் அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுக்கிறாள், அந்த நொடியில் அழுத்தம் எகிறுகிறது, பைப் கழல்கிறது. "பைப்புல குறை சொல்ல முடியாது. கால்தான் கொஞ்சம் முரட்டுத்தனம்" என்றார்.

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. ஏதாவது சொல்வேன் என்று என்னைப் பார்த்தாள். எனக்கும் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. பொய் எதற்கு, இது என்னுடைய நாட்குறிப்பு. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இன்னும் ஒரு முறை நின்றால் இந்த வருடம் முடிந்தது.

மார்ச் 25, செவ்வாய்

மாடிக்குத் தேநீர் கொண்டுபோனேன். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து, எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்துவைத்து அதன்மேல் வலது காலை அழுத்திக்கொண்டிருந்தாள். முள் பன்னிரண்டு கிலோவில் நின்றது. அங்கிருந்து மெதுவாக, மிக மெதுவாக, பூஜ்யத்துக்கு வர வேண்டும். அதுதான் பயிற்சி. தினமும் இருநூறு முறை.

"இப்ப தேவலையா பாருங்க அண்ணி" என்றாள். முள் நத்தை மாதிரி இறங்கியது. தேவலை என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பைப்பையும் கூடவே இழுக்கிறது. மூன்றாம் இணைப்பின் இரு பக்கத்துப் பைப்பையும் ஒரு பட்டை போட்டு ஒன்றோடொன்று பிணைத்துவைத்தேன். இனி எங்கே போனாலும் சேர்ந்துதான் போகும். கணவர் பார்த்துவிட்டு, கல்யாணம் பண்ணி வச்சுட்ட போல என்றார். அவருடைய டப்பாவைப் பற்றி இதுவரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

பால் பண்ணைகளுக்கு ஸ்டீல் டாங்க் செய்யும் கம்பெனியில் பதினான்கு வருடமாக வெல்டராக இருக்கிறேன். பால் டாங்கின் உள்பக்கம் ஒட்டுப்போட்ட இடத்தில் இம்மியளவு மேடு இருக்கக் கூடாது. மேடு இருந்தால் பால் தங்கும், பால் தங்கினால் கிருமி. அதனால் ஒட்டியதும் தேய்ப்போம். கையை ஓட்டினால் ஒட்டுப்போட்டதே தெரியாத வரைக்கும் தேய்ப்போம். பிறகு இன்ஸ்பெக்டர் வந்து ஒரு பஞ்சை எடுத்து ஒட்டு மேல் இழுப்பார். ஒரு இழை சிக்கினாலும் டாங்க் திரும்பிவிடும்.

இன்று என் டாங்கில் பஞ்சை இழுத்தார். சிக்கவில்லை. "உங்க கையில மேடுன்னு ஒண்ணு நிக்கவே நிக்காதும்மா" என்றார். பாராட்டுத்தான். நன்றி சார் என்றேன். நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பைப் முனைகள் நினைவுக்கு வந்தன.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மூன்றாம் இணைப்பின் ஹோஸைக் கழற்றினேன். பைப் முனையைச் சுற்றி ஒரு மேடு இருக்க வேண்டும். ஹோஸை அந்த மேட்டைத் தாண்டி உள்ளே தள்ளி, மேட்டுக்குப் பின்னால் கிளாம்பை இறுக்க வேண்டும். அப்போதுதான் காற்று தள்ளினாலும் கிளாம்ப் மேட்டில் முட்டி நிற்கும். மேடு வைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது, ஆறு இணைப்புக்கும் வைத்தேன். பைப்பை மெருகேற்ற உட்கார்ந்தபோது கை தன் பாட்டுக்குப் பதினான்கு வருடப் பழக்கத்தைச் செய்திருக்கிறது.

குளியலறையிலிருந்து பஞ்சு எடுத்துவந்தேன். முனை மேல் இழுத்தேன். ஒரு இழை சிக்கவில்லை. மற்ற ஐந்தும் அப்படித்தான்.

ஹோஸுக்குள் மறைந்துபோகிற இடம். யார் கண்ணுக்கும் தெரியாத இடம். அதைப் போய் மூன்று மணி நேரம் வழவழவென்று ஆக்கியிருக்கிறேன்.

கால் இல்லை. பைப்.

அவ காலு இல்ல.

ஏப்ரல் 4, வெள்ளி

கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஆறு இணைப்பிலும் மேடு வைத்தேன். நல்ல கனமாக. தேய்க்கவில்லை. கை அரிப்பெடுத்தது. தேய்க்கவில்லை. பல் தேய்க்காத குழந்தையின் வாய் மாதிரி இருக்கிறது. தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஹோஸை மாட்டி, மேட்டுக்குப் பின்னால் கிளாம்பை வைத்து, போதுமான அளவுக்கு மட்டும் இறுக்கினேன்.

நாத்தனார் வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து, வண்டியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சும்மா ஒரு பார்வை பார்த்தேன் என்றேன்.

ஏன் சொல்லவில்லை? ஞாயிற்றுக்கிழமை பைப் தாங்கட்டும், தாங்கியபின் சொல்லிக்கொள்ளலாம் என்று. போட்டிக்கு முன்னால் அவளைக் குழப்ப வேண்டாம் என்று. எழுதிப் பார்க்கும்போது இரண்டு காரணமும் பல்லைக் காட்டுகின்றன.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்றாம் போட்டி. பைப் தாங்கியது. நாத்தனார் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவது.

நான்காம் வளைவு வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே காலைத் தூக்க ஆரம்பித்துவிட்டாள். கீழே நின்றாலே தெரிந்தது. காலை எடுத்தால் மிச்சக் காற்றை ஒரு வால்வு வெளியே விடும், 'ஷ்' என்று. அந்த 'ஷ்' பாதை முழுக்க வந்துகொண்டே இருந்தது. வயதானவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி.

இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. லேப்டாப்பிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, காலை மெதுவாக எடுத்தேன், பாருங்கள் பைப் தாங்கிவிட்டது என்றாள். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்தாள்.

"ரெண்டு தடவை உங்க பைப்பை நான் கெடுத்தேன். ஒரு வார்த்தை திட்டலையே அண்ணி நீங்க. தேங்க்ஸ்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். செயலாளர் பக்கத்தில் நின்றார், மற்ற வெல்டர்கள் நின்றார்கள். மென்று விழுங்கிவிட்டேன். பைப்பைச் சரி செய்து அவள் மேல் விழுந்த பழியை நானே உறுதியாக்கிவிட்டேன். இதற்குக் கழன்றே போயிருக்கலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மே மாதம் அவள் ஓட்டப் போவதில்லையாம். லேப்டாப்பின் மைத்துனருக்கு நல்ல கால் இருக்கிறதாம், அவர் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டாளாம். வேகமாகப் போனால் வண்டியை உடைக்கிறேன், உடைக்காமல் போனால் கடைசியில் வருகிறேன், எனக்கு எதற்கு இது என்றாளாம்.

இதையெல்லாம் கணவர்தான் சொன்னார். அவளுக்கு என்னிடம் சொல்லக் கூச்சமாம். என்னிடம்.

ஏப்ரல் 9, புதன்

எடை மெஷின் திரும்பக் குளியலறைக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

கணவரிடம் சொன்னேன். மேடு, பஞ்சு, பால் டாங்க், எல்லாம். முதல் முறையாக இடையில் ஏசியைப் பற்றிக் கேட்காமல் முழுக்கக் கேட்டார். பிறகு, அவ கிட்ட சொல்லிட்டியா என்றார். இல்லை என்றேன்.

"என் கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?"

நியாயமான கேள்வி. நீங்களே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்களேன் என்றேன். அவர் எழுந்து போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். எனக்குப் பதில் சொல்ல விருப்பமில்லாத நாட்களில் அவருடைய சட்டைகள் மிக நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொன்னேன்.

வண்டி நிற்கும் கொட்டகைக்கு அவளைக் கூப்பிட்டேன். பானெட்டைத் திறந்து, மூன்றாம் இணைப்பைக் கழற்றி, பைப் முனையை அவள் கையில் கொடுத்தேன். தடவிப் பார் என்றேன். கரடுமுரடாக இருக்கிறதே, வெல்டிங் சரியாக வரவில்லையா என்றாள். இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது, முதலில் இது இருக்கவில்லை, தேய்த்துவிட்டேன், அதனால்தான் இரண்டு முறையும் கழன்றது என்றேன். பைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவளைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

விரலை மேட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்ப தெரியும்?"

"பத்து நாளாச்சு."

"போன ஞாயித்துக்கிழமை நான் தேங்க்ஸ் சொன்னேனே. அப்ப தெரியுமா?"

"தெரியும்."

பைப்பை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. சாதாரணமாகத்தான் சாத்தினாள். அதான் தாங்க முடியல.

ஏப்ரல் 15, செவ்வாய்

பேசவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

தண்ணீர் மோட்டார் போட வேண்டும் என்பதைக் கணவருக்குப் போன் செய்து சொல்கிறாள். அவர் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் செய்து சொல்கிறார். நான் மோட்டார் போடுகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பன்னிரண்டு படிகள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மேடு வைத்த ஆறு இணைப்புகளையும் மறுபடி கழற்றிப் பார்த்தேன். தேவையில்லை, நன்றாகத்தான் இருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மன்னிச்சுடுன்னு ஒரு வார்த்தை அன்னைக்கு நான் சொல்லவே இல்லை. எப்படிக் கழன்றது, ஏன் கழன்றது என்று பாடம் எடுத்தேன். ஹோஸ் எந்தப் பக்கம் நழுவும் என்றுகூடச் சொன்னேன். அவளுக்கு அதுவா வேணும்?

ஏப்ரல் 22, செவ்வாய்

படியிறங்கி வந்தாள். சமையலறை வாசலிலேயே நின்றாள். மன்னித்துக்கொள் என்றேன். ம் என்றாள். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற தைரியம் இல்லை.

இரண்டு காரியம் சொன்னாள். ஒன்று, லேப்டாப்பிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு, வரும் ஞாயிறு கிளப்பில் பயிற்சி நாள், பக்கத்து சீட்டில் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

"பைப் தாங்கும்னு சொல்றீங்கல்ல? அப்ப வந்து உக்காருங்க."

மூன்று வருடமாக அந்த வண்டியை வெட்டி ஒட்டுகிறேன். முழு பூஸ்டில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. எனக்கு ராட்டினமே ஆகாது.

ஏப்ரல் 23, புதன்

லேப்டாப்புக்குப் போன் செய்து சொன்னேன். பதிவில் அப்படித்தான் தெரிந்தது என்றார். ஆமாம் என்றேன். பச்சைக் கோடு அப்படித்தான் இருந்தது என்றார். ஆமாம் என்றேன். காலை எடுக்கிற எல்லா இடத்திலும் அழுத்தம் எகிறத்தான் செய்யும், எல்லாருக்கும் எகிறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். பிறகு, மைத்துனரிடம் என்ன சொல்வது என்றார். நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். எனக்கே இப்போதுதான் பழகிவருகிற காரியம், பிறருக்கு உபதேசம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

உட்கார்ந்தேன்.

பெல்ட்டை நாத்தனாரே இழுத்து மாட்டினாள். கிளாம்பை நான் கோபத்தில் இறுக்குகிற மாதிரி இறுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினாலும் தெரிந்தது, மூன்றாம் இணைப்பு என் முழங்காலுக்கு மூன்றடி முன்னால் இருக்கிறது.

அவள் மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. குடல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, கிளம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது போல. முதல் வளைவு, இரண்டு, மூன்று. என் பைப்பின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இந்த நம்பிக்கையில்தான் அவளைத் தனியாக மூன்று முறை மேலே அனுப்பியிருக்கிறேன். கழன்றால் பின்னால் வருகிற வண்டி கிடையாது, பள்ளம் உண்டு. இதை நான் வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் ஒரு நாள் நினைத்ததில்லை.

நான்காம் வளைவு நீளமானது, ஏற்றத்தில் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும். நல்ல ஓட்டுநர்கள் அதில் காலை எடுப்பதில்லையாம். பூஸ்ட் ஏற்றாத போன வருடம் அவளும் எடுத்ததில்லையாம். வளைவின் வாயில் 'ஷ்' கேட்டது. காலை எடுத்துவிட்டாள்.

இறங்கி, மறுபடி ஏறினோம். ஷ். மூன்றாம் முறையும் ஷ். உச்சியில் வண்டியை ஓரம் கட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

"எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியுது. காலு கேக்க மாட்டேங்குது அண்ணி."

பைப்பை ஒரு பகலில் சரி செய்தேன். இதை எப்படிச் சரி செய்வது? ஒரு நாளைக்கு இருநூறு முறை என்று அந்தக் காலுக்குப் பயத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, பக்கத்தில் தேநீரோடு நின்று தேவலை என்றவள் நான். அதைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஹெல்மெட்டைக் கழற்றாததால் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. உன் கால் எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு, என் கைதான் கெட்டுச்சு என்றேன்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, வாந்தி வருதா அண்ணி என்று கேட்டாள். வருகிறது என்றேன். கதவைத் திறந்துவிட்டாள்.

நான்காம் முறையும் ஏறினோம். நானேதான் கேட்டேன். ஷ்.

ஏப்ரல் 30, புதன்

வேலை முடிந்து வந்து தினமும் கொட்டகையில் ஹோஸைக் கழற்றி மாட்டுகிறாள். மேடு எங்கே, கிளாம்ப் எங்கே, எவ்வளவு இறுக்கம். கேட்டால் மட்டும் சொல்கிறேன். இன்று ஆறையும் அவளே மாட்டினாள். என்னைவிட நேரம் எடுத்தது, என்னைவிடச் சரியாக இருந்தது. கணவருடைய ஹேர் ஸ்ப்ரே தீர்ந்துவிட்டது. யாரும் கேட்காமலேயே அவர் இரண்டு டப்பா வாங்கிவந்திருக்கிறார். ஒன்று வண்டிக்காம்.

மே 2, வெள்ளி

ஓட்டப்போவது யார் என்று கிளப்பிலிருந்து கேட்டு லேப்டாப்புக்குச் செய்தி வந்ததாம். அவர் எனக்கு அனுப்பினார். நான் மாடிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு லேப்டாப்பிடமிருந்து: அவங்களே கிளப்புக்குப் பேர் குடுத்துட்டாங்க.

யார் பெயர் என்று கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கேட்டேன். அவள் பெயர்தான்.

மே 4, ஞாயிறு

காலையில் ஆறு கிளாம்பையும் ஸ்பேனர் வைத்து அவளே பார்த்தாள். நான் டார்ச் பிடித்தேன். ஒன்றை மட்டும் கால் சுற்று இறுக்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கே நிற்கப் போகிறீர்கள் என்றாள். கீழேதான் என்றேன். அவள் வரிசைக்குப் போனதும் குறுக்கு வழியில் ஏறி நான்காம் வளைவுக்கு வந்துவிட்டேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் கொடிக்காரரும் மட்டும்.

பதினோராவதாகக் கிளம்பினாள். முதல் வளைவு மரங்களுக்குப் பின்னால், சத்தம் மட்டும்தான். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாம் வளைவைத் தாண்டிக் கியர் மாற்றியபோது ஒரு 'ஷ்'. அது கியருக்கு, எல்லாரும் விடுவது. பிறகு வண்டி கண்ணில் பட்டது. வளைவின் வாய்க்கு வந்தது. எப்போதும் காலை எடுக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. கல்லைத் தாண்டியது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, என்னைத் தாண்டியது, இடப்பக்கம் திரும்பித் திரும்பி மேலே போய் ஐந்தாம் வளைவுக்குள் மறைந்தது.

ஷ் வரவில்லை.

கொடிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, நல்லாத்தானேம்மா போச்சு, ஏன் அழறீங்க என்றார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவர் பாதையைப் பார்த்தார். புகை எதுவும் இல்லை.